குழந்தைக் காவலும் இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களும்

கோடை விடுமுறை கழிந்து செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்கள் திறக்கும்போது, பிள்ளைகள் வருவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே தலைமையாசிரியர் முதல் மதிய உணவு பரிமாறும் பெண்மணி வரையில் எல்லோரும் பெரிய கூடத்தில் ஒன்றாக அமர்ந்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் சொல்வதைக் காலை முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த நாட்டில் இப்போது தவறாத சம்பிரதாயமாகிவிட்டது. அப்படி வருகிறவர் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியாளர். வருஷத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லாத வாரம் அதுதான். ஒரு நாள் ஆரம்பப் பள்ளி, மறுநாள் உயர்நிலைப் பள்ளி, பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு நடைபெறும் ‘ட்வைலைட்’ வகுப்பு, இரவு உணவுக்குப் பின் பள்ளியின் நிர்வாகக் குழுவினரான கவர்னர்களுக்கு ஒரு வகுப்பு, இடையே பாதுகாப்புப் பொறுப்பாசிரியர்களுக்கென்று ஒரு முழு நாள் என்று அவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். போன இடங்களிலிருந்தெல்லாம், வகுப்பில் கூச்சத்தால் கேட்காமல் விட்ட சந்தேகங்கள் வெள்ளிக்கிழமைக்குள் தொலைபேசி வழியாக அவரைத் தேடி வருகின்றன.

அந்த வாரத்தில் அவர் சொல்லும் விஷயங்கள் ஒருவரே உட்கார்ந்து ஒரே காலத்தில் யோசித்து வகுத்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஏதோ ஒரு குழந்தையின் துயரத்தை விசாரித்த ஒரு கமிஷனின் அறிக்கையிலிருந்து வந்து சேர்ந்தது. அவற்றின் பூர்வோத்தரத்தை ஆராய்ந்து பார்க்கிறவனுக்கு முக்கியமாக ஒரு விஷயம் புலப்படும்: ஒரு குழந்தையைத் தாய் தந்தையருக்கு அடுத்தபடியாகத் தினந்தோறும் கண்ணால் காண்கிறவர் உபாத்தியாயரே என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அவரிடம் போய்க் கேட்கவேண்டும், அவர் சொல்வதற்கு ஒரு வழி அமைக்கவேண்டும் என்ற எளிய யோசனை ராஜாங்கத்துக்குத் தோன்ற ஏறக்குறைய நூறு வருஷம் சென்றது.

சங்கம் கூட்டிக் காப்பாற்றும் கருணை அந்த நாட்டில் முதலில் மிருகங்களுக்குத்தான் கிட்டியது. மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சங்கம் லண்டனில் 1824-ஆம் வருஷத்திலேயே தோன்றிவிட்டது. குழந்தைகளுக்கு அத்தகைய சங்கம் ஏற்பட 1883 வரையில் காத்திருக்க நேர்ந்தது. நியூயார்க்கில் 1875 முதல் நடந்துவந்த குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்தை நேரில் கண்டு திரும்பிய தாமஸ் ஆக்னியூ என்னும் கனவான் லிவர்ப்பூல் நகரத்தில் அதற்கு வித்திட்டார். நாய்களுக்குப் புகலிடம் அமைப்பது பற்றிக் கூடிய ஒரு கூட்டத்தில்தான் குழந்தைகளைப் பற்றிய பிரஸ்தாபமும் எழுந்தது என்று அந்தச் சங்கத்தின் வரலாறு கூறுகிறது. அதில் இருக்கும் விநோதத்தை அந்தக் காலத்தவர்களே உணர்ந்திருந்தார்கள். மறுவருஷம் லண்டனில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைத் தலைவராகவும் பெஞ்சமின் வா என்ற பாதிரியாரைக் காரியதரிசியாகவும் கொண்டு ஒரு சங்கம் உருவாகி, 1889-இல் தேசியச் சங்கமாக வளர்ந்தது. அதே வருஷத்தில், பெற்றோர் கொடுமை செய்தால் ராஜாங்கம் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழையலாம், நியாயஸ்தலம் குழந்தையை வேறிடத்தில் ஒப்படைக்கலாம் என்று இடங்கொடுத்த முதற்சட்டத்தைப் பார்லிமெண்டு நிறைவேற்றியது.

அந்தச் சங்கம் சீருடை அணிந்த இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. தெருவார் அவர்களைக் ‘குரூயல்டி மேன்’ என்றே குறிப்பிட்டார்கள். அவருடைய தொப்பி தெருமுனையில் தென்பட்டால் தாய்மார்கள் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். அதே தெருக்களில் இன்னொருவரும் நடந்துகொண்டிருந்தார். 1870-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டத்தின்படி ஏற்பட்ட பள்ளி போர்டுகள், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதற்காக ஏற்படுத்திய ஆஜர் அதிகாரி அவர். 1880-இல் பத்து வயது வரையில் படிப்பு கட்டாயமான பிறகு அவர் ஏறி இறங்காத மாடிப்படி அந்த ஏழைப் பேட்டைகளில் இல்லை. ஆகவே பசித்த குழந்தை, காயம்பட்ட குழந்தை, செருப்பில்லாத குழந்தை யாவும் வகுப்பிலும் வீட்டிலும் கல்வி இலாகாவின் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. உபாத்தியாயர் சிலர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சொன்னதும் உண்டு. ஆனால் அது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்ததாக இருந்ததே தவிர, இன்ன விதமாகச் சொல்லவேண்டும், இன்னாரிடம் சொல்லவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை.

அடுத்த அரை நூற்றாண்டில் சட்டங்கள் பெருகின; அவற்றை விவரிப்பது வாசகருக்குச் சலிப்பையே தரும். 1945 ஜனவரியில் ஷ்ராப்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில், நியூபோர்ட் நகரசபை வளர்ப்பதற்காக ஒப்படைத்திருந்த டென்னிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் அடிபட்டும் பட்டினி கிடந்தும் இறந்தான். யுத்தச் செய்திகளுக்கிடையிலும் தேசம் அந்தச் செய்தியைக் கேட்டுத் திடுக்கிட்டது. சர் வால்ட்டர் மாங்ட்டன் விசாரணை நடத்தினார். அதன் விளைவுகளும், வீட்டைப் பிரிந்த குழந்தைகளின் பராமரிப்பை ஆராய்ந்த கர்ட்டிஸ் கமிட்டியின் அறிக்கையும் சேர்ந்து 1948-ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டத்துக்கு வழிவகுத்தன. அகதா கிறிஸ்டி எழுதி, 1952-இல் லண்டனில் அரங்கேறிப் பல்லாண்டு காலம் ஓயாது நடந்துவந்த ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்துக்கு இந்த வழக்கே தூண்டுதல் என்பது, அதைப் பார்த்து ரசித்துத் திரும்பும் பிரயாணிகளில் அநேகருக்குத் தெரியாது. 1948-ஆம் வருஷத்துச் சட்டம் குழந்தைகளுக்கென்று தனி அதிகாரிகளை நியமித்தது. உபாத்தியாயரை அது அதிகமாக நினைத்துப் பார்க்கவில்லை.

அவரை நினைத்துப் பார்க்கும்படி செய்தது, 1973 ஜனவரியில் பிரைட்டன் நகரத்தில் நேர்ந்த மரியா கால்வெல் என்னும் ஏழு வயதுச் சிறுமியின் மரணம். கைக்குழந்தைப் பருவம் முதல் அத்தை வீட்டில் சௌக்கியமாக வளர்ந்த அந்தக் குழந்தை, பெற்ற தாயிடமே குழந்தை இருக்கவேண்டும் என்ற அக்காலத்துக் கோட்பாட்டை ஒட்டி 1971-இல் தாயிடமும் அவளுடைய இரண்டாம் கணவனிடமும் திருப்பி அனுப்பப்பட்டாள். அதன் பின் அவள் நாளுக்கு நாள் மெலிந்துபோனதையும், கன்றிய கண்ணோடு வகுப்புக்கு வந்ததையும், தன் வலுவுக்கு மீறிய நிலக்கரிச் சுமையைத் தெருவில் இழுத்து வந்ததையும் ஆசிரியைகளும் அக்கம்பக்கத்தாரும் கண்டார்கள். கண்டு சும்மா இருக்கவும் இல்லை, சொல்லவும் செய்தார்கள். ஒருவர் சொன்னது சமூகநல இலாகாவுக்குப் போயிற்று, மற்றொருவர் சொன்னது குழந்தைப் பாதுகாப்புச் சங்கத்துக்குப் போயிற்று, வேறொன்று பள்ளிக்கூடத்து ஆஜர் அதிகாரியின் வாரிசான கல்வி நல அதிகாரியிடம் தங்கிற்று. எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தவர் எவரும் இல்லை. 1974-இல் வெளிவந்த விசாரணை அறிக்கையைப் படித்தால், கெட்ட எண்ணம் கொண்ட அதிகாரி ஒருவரைக்கூட அதில் காண்பது அரிது என்பதும், அதுவே அந்த அறிக்கையின் பயங்கரம் என்பதும் விளங்கும். ஜில்லாதோறும் வைத்தியரும் போலீஸாரும் சமூகநல ஊழியரும் பள்ளிக்கூடத்தாரும் ஒன்றுகூடிப் பேசும் கமிட்டிகளும், அபாயத்தில் இருக்கும் குழந்தைகளின் பெயர்ப் பதிவேடும் அந்தச் சமயத்தில் ஏற்பட்டவையே.

இதற்குப் பின் வந்த 1986 முதல் 1988 வரையிலான மூன்று வருஷங்களைப் போலப் பள்ளிக்கூடத்தைப் புரட்டிப்போட்ட காலம் இந்த வரலாற்றில் வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம்.

1889-ஆம் வருஷத்துச் சட்டம் குழந்தையைக் கொடுமையிலிருந்து காக்கப் புறப்பட்டபோதே, பெற்றோரும் உபாத்தியாயரும் குழந்தையைத் தண்டிக்கும் உரிமைக்கு அதனால் பங்கமில்லை என்று ஒரு பிரிவை எழுதி வைத்துவிட்டது. அந்தப் பிரிவின் நிழலில் பிரம்பு ஏறக்குறைய நூறு வருஷம் பத்திரமாக இருந்தது. 1986 ஜூலையில் காமன்ஸ் சபையில் 231-க்கு 230 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் அரசாங்கப் பள்ளிகளில் பிரம்படியை ஒழிக்கும் தீர்மானம் நிறைவேறியது. 1987 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகள் மேலும் ஒரு பத்தாண்டுக்கு மேல் பிரம்பை வைத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டன. பிரம்பு ஒழிந்த மறுவருஷம், 1988 ஜூலையில், கல்வி இலாகா ஒரு சுற்றறிக்கை அனுப்பி, குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகளைப் பற்றிய விஷயங்களுக்கென்று ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக நியமிக்கவேண்டும் என்று கூறியது. இன்று பாதுகாப்புப் பொறுப்பாசிரியர் என்று வழங்கும் பதவியின் பிறப்பு அதுதான். சற்று யோசித்துப் பார்த்தால், வீட்டில் யாராவது அடித்தால் என்னிடம் வந்து சொல் என்று பிள்ளையிடம் சொல்லவேண்டிய பொறுப்பு, அலமாரியில் சமீப காலம் வரையில் பிரம்பு வைத்திருந்த அதே மனிதரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது தெரியும். பிள்ளைகள் அதை எளிதில் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகமே. 1986 அக்டோபரில் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் எஸ்தர் ரான்ட்ஸனின் முயற்சியால் ‘சைல்ட்லைன்’ என்ற இலவசத் தொலைபேசி தொடங்கப்பட்டவுடனேயே அதற்குத் தாங்கமுடியாத அளவில் அழைப்புகள் வந்து குவிந்ததை நினைத்தால், முகம் தெரியாத ஒருவரிடம் சொல்வதே பல பிள்ளைகளுக்குச் சுலபமாக இருந்தது என்று கருத இடமுண்டு.

அந்த மூன்று வருஷங்களில் நேர்ந்த மற்றொரு சம்பவம் பயிற்சியாளரின் வாரத்தில் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. 1987-இல் இங்கிலாந்தின் வடகிழக்கே கிளீவ்லாந்து ஜில்லாவில் சில மாதங்களுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு உள்ளானவர்கள் என்று வைத்தியர்கள் முடிவு செய்ய, அவர்கள் வீடுகளிலிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பின்னர் வீடு திரும்பினார்கள். நீதிபதி எலிஸபெத் பட்லர்-ஸ்லாஸ் 1988-இல் அளித்த அறிக்கை, குழந்தையை அக்கறைக்குரிய வெறும் பொருளாகக் கருதாமல் ஒரு மனிதப் பிறவியாக நடத்தவேண்டும் என்றும், விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விகளால் உண்மை மேலும் மறைந்துபோகிறது என்றும் எடுத்துக் காட்டியது. ஆகவேதான் இன்று பயிற்சியாளர், ஒரு பிள்ளை மனம் திறந்து ஏதாவது சொல்லத் தொடங்கினால், “அப்பாவா அடித்தார்?” என்று கேட்காதீர்கள், “என்ன நடந்தது, சொல்” என்று மாத்திரம் கேளுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளை சொன்ன சொற்களைப் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்கிறார். இருவர் இருவராக உட்கார வைத்து அதை ஒத்திகை பார்க்கச் சொல்வார். இருபது வருஷம் கேள்வி கேட்டே பிழைத்த ஆசிரியர்களுக்கு அது எவ்வளவு பிரயாசையான காரியம் என்பது அந்த ஒத்திகையில்தான் தெரியவரும்.

பயிற்சிக்கு நாள் கிடைத்ததும் அதே காலத்தில்தான். கென்னத் பேக்கர் கல்வி மந்திரியாக இருந்தபோது 1987-இல் ஆசிரியர்களின் வேலை நாட்கள் வருஷத்துக்கு 195 என்று வரையறுக்கப்பட்டு, அவற்றில் ஐந்து நாட்கள் பிள்ளைகள் இல்லாத நாட்களாக ஒதுக்கப்பட்டன. ஆசிரியர்கள் முணுமுணுத்தபடி ‘பேக்கர் டே’ என்று பெயரிட்ட அந்த நாட்கள் இப்போது ‘இன்செட்’ நாட்கள் என்று வழங்குகின்றன. குழந்தைப் பாதுகாப்பை உத்தேசித்து அவை ஏற்படுத்தப்படவில்லை; ஆயினும் அவை இல்லாவிட்டால் செப்டம்பர் மாதத்துக் கூடமும் இல்லை, அங்கே பேசும் பயிற்சியாளரும் இல்லை.

புதிய நூற்றாண்டு இரண்டு பெருந்துயரங்களோடு பிறந்தது. ஐவரி கோஸ்டிலிருந்து உறவினர் ஒருத்தியோடு லண்டனுக்கு வந்த விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பிப்ரவரியில் இறந்தபோது அவள் உடலில் 128 காயங்கள் இருந்தன. வைத்தியசாலைகளும் சமூகநல இலாகாக்களும் போலீஸாரும் அவளைக் கண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்று மாத்திரமே அவளைக் காணவில்லை, ஏனெனில் இங்கிலாந்தில் அவள் எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படவில்லை. லாமிங் பிரபு 2003-இல் 108 பரிந்துரைகளோடு அறிக்கை அளித்தார். அதற்கு முந்திய ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரைச் சேர்ந்த சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரை ஒரு பள்ளியின் கேர்டேக்கராக வேலை பார்த்தவனே கொலை செய்தான். வேறு ஜில்லாவில் அவன்மீது ஏற்கெனவே பல புகார்கள் எழுந்திருந்தும், அவனை வேலைக்கு எடுத்தபோது அவை வெளிவரவில்லை. சர் மைக்கேல் பிச்சார்ட் 2004-இல் அளித்த அறிக்கையால், அபாயம் பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது என்ற நம்பிக்கை ஒழிந்தது. ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஒருவராவது அதற்கென்று பயிற்சி பெற்றிருக்கவேண்டும் என்ற விதி 2010 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது. வேலைக்கு விண்ணப்பித்தவரின் உத்தியோக வரலாற்றில் விடுபட்ட மாதங்களைப் பற்றிக் கேட்கத் தயங்காதீர்கள் என்று பயிற்சியாளர் கவர்னர்களிடம் மன்றாடுவது அதனால்தான்.

‘நான் சோறு போடுகிறவள், எனக்கு எதற்கு இந்த வகுப்பு’ என்று சமையற்கட்டுப் பெண்மணிக்குத் தோன்றுவது இயல்பு. அதற்கு மறுமொழி கவென்ட்ரி நகரத்தில் இருக்கிறது. போலந்துக் குடும்பத்தைச் சேர்ந்த டேனியல் பெல்கா என்ற நான்கு வயதுச் சிறுவன் 2011 செப்டம்பரில் அங்கே பள்ளியில் சேர்ந்தான். 2012 மார்ச்சில் தாயும் அவளோடு வாழ்ந்தவனும் செய்த கொடுமையால் மாண்டான். பள்ளியில் இருந்த அந்த ஆறு மாதத்தில் அவன் மற்றப் பிள்ளைகளின் உணவுப் பெட்டிகளிலிருந்தும் குப்பைத் தொட்டிகளிலிருந்தும் தின்பண்டங்களை எடுத்துத் தின்றதைப் பலர் பார்த்தார்கள். அவனுக்கு உணவு விஷயத்தில் ஒரு நோய் உண்டு, அதிகமாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று தாய் சொன்னதை நம்பி, உணவை அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்தார்கள். அவன் மேனியில் காயங்களையும் பார்த்தார்கள். அவற்றை எழுதி வைத்ததில் ஒழுங்கில்லை, எழுதியவை ஓரிடத்தில் சேரவுமில்லை. ஆங்கிலம் அதிகம் தெரியாத அந்தப் பிள்ளையிடம் அவனுடைய பாஷையில் பேசிப் பார்த்தவர் எவரும் இல்லை என்பதைப் பின்னர் நடந்த பரிசீலனை வேதனையோடு குறிப்பிடுகிறது.

அன்று முதல் பயிற்சியின் சாரம் எழுதுவதே என்று ஆகிவிட்டது. தேதி, நேரம், கண்டது, கேட்டது, கண்டவர் பெயர். அபிப்பிராயம் சொல்ல விரும்பினால் அது அபிப்பிராயம் என்று குறித்துவிட்டுத் தனியாக. முன்பு பூட்டிய பீரோவில் மஞ்சள் கடிதப் பைகளில் கிடந்த குறிப்புகள் இப்போது ‘சிபாம்ஸ்’ முதலிய கணினி ஏடுகளில் தாமே காலவரிசையில் அமைகின்றன. தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் சிறு சம்பவங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நிற்கும்போது, சிதறிக் கிடந்த பாசிமணிகள் நூலில் கோத்தாற்போல ஒரு வடிவம் புலப்படுகிறது. பிளிமத் நகரத்தில் 2011-இல் தொடங்கிப் பின்னர் மற்ற இடங்களிலும் பரவிய ஏற்பாட்டின்படி, இரவில் ஒரு வீட்டில் சண்டைக்காகப் போலீஸார் அழைக்கப்பட்டால், மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன் அந்த வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளிக்குத் தகவல் வந்துவிடுகிறது. நூறு வருஷமாகப் பள்ளியிலிருந்து வெளியே போகத் திணறிய செய்தி, இப்போது வெளியிலிருந்து பள்ளிக்கும் வருகிறது.

பள்ளிகளுக்கான சட்டபூர்வ வழிகாட்டி நூல் முதன்முதலில் 2014-இல் வெளிவந்தது. அநேகமாக வருஷந்தோறும் திருத்தப்பட்டு, பல வருஷங்களாகச் செப்டம்பர் முதல் தேதி அமலுக்கு வருகிறது. நூற்றைம்பது பக்கத்துக்கு மேற்பட்ட அந்த நூலின் முதற்பகுதியை ஊழியர்கள் படித்தாகவேண்டும். பயங்கரவாதம், இணையம், பிள்ளைகளே பிள்ளைகளுக்கு இழைக்கும் தீங்கு என்று ஒவ்வொரு பதிப்பிலும் ஏதாவது ஓர் அத்தியாயம் நீளுகிறது. எதையாவது நீக்கினார்கள் என்று கேள்விப்படுவது அபூர்வம். இதில் ஓர் ஆபத்து உண்டு. பள்ளிகளைப் பரிசோதிக்கும் ஆஃப்ஸ்டெட் இலாகா, மற்றெல்லாம் நன்றாக இருந்தாலும் பாதுகாப்பு ஏற்பாட்டில் குறை கண்டால் பள்ளியையே கடைத்தரத்துக்குத் தள்ளிவிடும் வழக்கம் இருந்தது. 2023 ஜனவரியில் ரெடிங் நகரத்து ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதற்கு அத்தகைய பரிசோதனையும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அவ்வருஷ இறுதியில் தீர்மானித்தார். பள்ளியை ஒரே சொல்லில் எடைபோடும் முறை 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. பரிசோதகருக்குக் காட்டுவதற்காக எழுதும் குறிப்பும் பிள்ளைக்காக எழுதும் குறிப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நல்ல பயிற்சியாளர் தம்முடைய பாதி நேரத்தை பரிசோதனையைப் பற்றிய பயத்தைக் களைவதில்தான் செலவிடவேண்டியிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு ஒரு விஷயம் விசித்திரமாகப் படலாம். நம் நாட்டில் 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம், குழந்தைக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவரைத் தண்டனைக்கு உரியவராக்கிவிட்டது. இவ்வளவு பயிற்சியும் ஏடும் பெருகியுள்ள இங்கிலாந்திலோ, அத்தகைய பொதுக் கட்டாயத்தைச் சட்டமாக்கவேண்டும் என்று பேராசிரியை அலெக்சிஸ் ஜேயின் நீண்ட விசாரணை பரிந்துரைத்ததே 2022 அக்டோபரில்தான். ஒரு தேசம் தண்டனையை முதலில் எழுதிப் பயிற்சியைப் பின்னர் தேடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று பயிற்சியிலிருந்து தொடங்கிற்று. இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் துணியவில்லை.

2023 ஆகஸ்டில் வோக்கிங் நகரத்தில் தந்தையாலும் சிற்றன்னையாலும் கொல்லப்பட்ட பத்து வயதுச் சிறுமி சாரா ஷரீஃபின் வழக்கு, பயிற்சியாளரின் வாரத்தில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்துவிட்டது. ஆசிரியைகள் அவள் முகத்தில் இருந்த காயத்தைப் பார்த்தார்கள், விசாரித்தார்கள், எழுதினார்கள், மார்ச் மாதத்தில் சமூகநல இலாகாவுக்கு முறைப்படி தெரிவித்தார்கள். மரியா கால்வெல்லின் காலம் முதல் பள்ளியிடம் எதிர்பார்க்கப்பட்டு வந்த காரியம் செய்யப்பட்டுவிட்டது. இலாகா சில நாட்களுக்குள் கோப்பை மூடியது. அடுத்த மாதம் தந்தை, வீட்டிலேயே படிப்பிப்பதாகச் சொல்லி அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டான். அப்படி நிறுத்தப்படும் பிள்ளைகளுக்குப் பதிவேடு ஏற்படுத்தும் மசோதா ஒன்று 2024 டிசம்பரில் பார்லிமெண்டுக்கு வந்தது. பொறுப்பாசிரியர்களுக்கான முழு நாள் வகுப்பில் இப்போது, சமூகநல இலாகா கோப்பை மூடிவிட்டதாக எழுதினால் அதோடு விட்டுவிடாமல் உடன்படாமையை எழுத்தில் தெரிவிப்பது எப்படி, மேலதிகாரிக்கும் அவருக்கும் மேலே உள்ளவருக்கும் அதைக் கொண்டுபோவது எப்படி என்பதை உள்ளூர் விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த விதிகளின் பிரதியில், இலாகாவின் எந்த மேலதிகாரிக்கு எந்தத் தொலைபேசி எண் என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்ட பிறகே வகுப்புக் கலைகிறது.